இரண்டு சீட்டுக் காரின் ஆயில் ஒழுகல்

எங்கள் காரில் ஆயில் ஒழுகாத இடம் எது என்று யாராவது கேட்டிருந்தால், ஹாரன் என்று சொல்லியிருப்பேன். மற்ற எல்லா இடத்திலும் ஒழுகியது. ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் வந்தது. ஒவ்வொரு முறையும் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்து தரையில் விரித்த செய்தித்தாளைப் பார்க்கும்போது எனக்குத் தூக்கிவாரிப் போடும். நான் விவரம் தெரியாத ஆள் இல்லை. அதனால்தான் அவ்வளவு அதிர்ச்சி.

ஏற்காட்டுக் கடைத்தெருவில் வண்டி உதிரி பாகக் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா சேலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போய், பாவாடையில் கிரீஸோடு வீடு திரும்பி அம்மாவிடம் அடி வாங்கி வளர்ந்தவள் நான். கேஸ்கட் வெட்டத் தெரியும், எஞ்சின் இறக்கத் தெரியும், கோபப்படவும் நன்றாகத் தெரியும். என் கணவர் கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு, மூட்டைக் கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, குரலை உயர்த்தவும் தெரியாது. இரண்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கார் அவருடைய எஸ்டேட் குடோனில் கிடந்தது. எப்போதோ இருந்த முதலாளி விட்டுப்போன பழைய சிவப்பு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். மேல்கூரை கிடையாது. அதன்மேல் மிளகு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். குடோனை இடிக்கப் போகிறார்கள், காரை எடைக்குப் போடப் போகிறார்கள் என்று அவர் சாப்பிடும்போது சொன்னார். சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன். மறுநாளே டிராக்டரில் கட்டி இழுத்து வந்து எங்கள் ஷெட்டில் நிறுத்தினோம்.

பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, “ஏனுங்க, இதுல ரெண்டு பேருக்குத்தான் எடமிருக்குதுங்களா?” என்று கேட்டார். என் கணவர் சிரித்துக்கொண்டே, “எங்களுக்கு அது போதுமுங்க” என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பிடிக்காது. சேலத்துக்கும் கோயம்புத்தூருக்குமாக அலைந்தோம். ஊசி போட்டுப் போட்டு என் வயிறு கன்றிப்போயிருந்த ஒரு நாள், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர்தான் சொன்னார்: “போதும் புள்ள. உட்ருலாம்.” நான் சரி என்றேன். பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டோம். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. கொஞ்ச காலத்தில் அவர் அதை மனதிலிருந்தே இறக்கி வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு அது அவ்வளவு எளிதாக இருந்ததே என்று உள்ளுக்குள் ஒரு கோபமும் எனக்கு இருந்தது.

சொந்தக்காரர்கள் முன்பெல்லாம் “விசேஷம் ஏதாச்சும் உண்டா?” என்று கேட்பார்கள். அதற்கு வெடுக்கென்று பதில் சொல்லிப் பழகியிருந்தேன். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. விசேஷ வீடுகளில் என்னிடம் பேச அவர்களுக்கு ஒன்றுமே இல்லாமல் போனது. சாப்டியா, பஸ்ஸுல வந்தியா, மலையில மழையா. அவ்வளவுதான்.

அதனால் சேலத்தில் என் தங்கை தன் கடைசிப் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்திருப்பதாகச் சொன்னபோதே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த முறை பஸ்ஸில் போய் மண்டபத்தின் மூலையில் உட்காரப் போவதில்லை. அந்தச் சிவப்புக் காரில் மலை இறங்கி வாசலில் போய் நிற்கப் போகிறேன். பேசுவதற்கு அவர்களுக்கு ஏதாவது வேண்டுமல்லவா, காரைப் பற்றிப் பேசட்டும். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். எனக்கு அது அப்போது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

எஞ்சினை முழுதாகப் பிரித்து, கழுவி, எல்லா கேஸ்கட்டும் புதிதாகப் போட்டு மூடினேன். கார்புரேட்டருக்கு வேண்டிய ஒரு சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வருவதற்குள் கோடை மழை பெய்து, காபி பூத்து, மலை முழுக்க மணத்து, அந்தப் பூவும் உதிர்ந்துவிட்டது. அதுவரை கார் ஷெட்டில் சும்மா நின்றது.

அந்த நாட்களில் என் கணவரின் போக்கில் சில மாற்றங்கள். ஷெட் கதவைச் சாத்தினால் திறந்து வைப்பார். நாய் வரும் என்று திட்டினால், “காத்து வரட்டும் புள்ள” என்பார். காருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் செம்மண்ணைக் குழைத்து, தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். கொசு வரும் என்று எடுத்து வீசினேன். மறுநாள் வேறொரு கொட்டாங்குச்சி இருந்தது. “குருவி குடிக்கும்” என்றார். சேற்றைக் குடிக்கிற குருவியை நான் கண்டதில்லை. ஆனால் அவரிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. எஞ்சினுக்கு அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவப் போனபோது, “நீ மேல பாரு, அடிப்பக்கம் நான் தொடச்சுக்கறேன்” என்று துணியை வாங்கிக்கொண்டார். ஸ்பேனர் பிடிக்காத மனுஷன் காருக்கடியில் படுத்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாமான் வந்தது. மாட்டினேன். கார் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரம்மா பாம்பு என்று நினைத்து ஓடிவந்தார். என் கணவர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எஞ்சினின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் செய்தித்தாளில் ஆயில். எஞ்சினின் மேல்மூடியிலிருந்து வழிந்திருந்தது. கார்க் கேஸ்கட் சரியாக உட்காரவில்லை என்று மாற்றினேன். அது நின்றது, பக்கவாட்டு மூடியில் வந்தது. அதை மாற்றினேன், முன்பக்கம் சங்கிலி மூடியில் வந்தது. அதற்கும் புது சீல் போட்டேன். பிறகு பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்திலிருந்து சொட்டியது. நான் மூடிய எஞ்சின். ஒரு நட்டைக்கூடக் கணக்கில்லாமல் முறுக்கவில்லை. அப்பா இருந்திருந்தால், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சொல்லியிருப்பார். கூடமும் நேராகத்தான் இருந்தது, நானும் சரியாகத்தான் ஆடினேன். என்ன நடக்கிறது என்றே புரியவில்லை.

செய்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டது. எதிர் டீக்கடைக்காரர், “ஏனுங்கக்கா, கார் ஆயில்ல ஓடுதுங்களா, இல்ல ஆயில் மட்டும் ஓடுதுங்களா?” என்று கேட்டார். அவருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்திருந்தது. நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டு, காதுகுத்துக்கு முந்தைய நாள் காலையில் கரடியூர் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியெல்லாம் வண்டி அருமையாகப் போனது. கரடியூர் நெருங்கும் ஏற்றத்தில் ஒரு கருகல் வாடை வந்தது. அடுத்த நொடி பானெட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. வண்டியை ஓரங்கட்டி, “எறங்குங்க! எறங்குங்க!” என்று அவரைப் பிடித்துத் தள்ளினேன். கதவைத் திறக்கத் தெரியாமல் மேலேயே ஏறிக் குதித்தார்.

தீப்பிடிக்கவில்லை. கசிந்த ஆயில் சூடான சைலன்சர் குழாயில் விழுந்து புகைந்திருக்கிறது. மண்ணை அள்ளிப் போட்டேன். வியூபாயிண்ட் பார்க்க வந்த டூரிஸ்டுகள் மலையை விட்டுவிட்டு எங்களைப் போட்டோ எடுத்தார்கள். பானெட்டைத் திறந்ததும் இன்னொரு அதிர்ச்சி. ஆயில் அளவு பார்க்கிற கம்பி, தன் ஓட்டையிலிருந்து பாதி வெளியே வந்து நின்றது. யாரோ உள்ளேயிருந்து பிடித்துத் தள்ளினால்தான் அப்படி நிற்கும். எஞ்சினுக்குள் யார் இருக்கிறார்கள்?

ஆறவிட்டு, ஆயில் ஊற்றி, ஆமை வேகத்தில் வீடு சேர்ந்தோம். கையைக்கூடக் கழுவாமல் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் கோபம் தெரிந்தவர் என்பதால் அவரே சமைக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் குக்கர் விசில் அடிக்காமல் மூடியின் ஓரத்தில் புஸ்ஸென்று நீராவி விட்டது. பருப்புத் தண்ணீர் அடுப்பில் வழிந்தது.

“கேஸ்கட் போச்சு புள்ள, வேற மாத்தோணும்” என்றார்.

“கேஸ்கட் போன மாசந்தான் மாத்துனேன். விசில் ஓட்டையில பருப்புத் தோல் அடைச்சிருக்கும், பாருங்க. உள்ள ஆவி போக வழியில்லீன்னா, அது கெடைக்கற பக்கமெல்லாந்தான் வரும்...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது. கேஸ்கட் மாற்றினேன். கேஸ்கட் மாற்றினேன். கேஸ்கட் மட்டும்தான் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். எஞ்சினுக்கும் மூச்சு விட ஒரு குழாய் உண்டு. பிரீதர் என்போம். இந்த மாதிரிப் பழைய எஞ்சினில் அது பக்கவாட்டு மூடியிலிருந்து கிளம்பி, கீழே காரின் அடிவரை வந்து, வாய் திறந்து சும்மா தொங்கும். பார்க்கிறவர்களுக்கு எதற்கும் ஆகாத குழாய் போலத்தான் தெரியும். உள்ளே சேருகிற காற்று அது வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நான் எழுந்து ஷெட்டுக்கு ஓடினேன். குக்கர் பின்னால் சீறிக்கொண்டிருந்தது.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, டார்ச்சோடு கீழே படுத்தேன். குழாயின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் வாயே இல்லை. செம்மண். கையால் பிசைந்து பூசியதுபோல் வழவழவென்று, வரி வரியாக, இறுக்கமாக அடைத்திருந்தது. அது என்ன என்று என் மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் என் கை ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டது. குத்தி எடுக்க ஓங்கினேன்.

“ஒடச்சிராத!”

அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை. காருக்கடியில் படுத்தபடி திரும்பிப் பார்த்தேன். அவருடைய கால்கள் தெரிந்தன. பிறகு மண்டி போட்டுக் குனிந்த முகம் தெரிந்தது. கையில் இன்னும் கரண்டி இருந்தது.

“ஒடச்சிராத புள்ள. குளவிக்கூடு அது.”

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. “குளவிக்கூடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் கண் காருக்குப் பக்கத்திலிருந்த கொட்டாங்குச்சிக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொட்டாங்குச்சிச் சேறு, திறந்தே கிடந்த கதவு, அடிப்பக்கம் நான் துடைக்கிறேன் என்று வாங்கிக்கொண்ட துணி, எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து நின்றன. வெளியே ஊர்ந்து வந்து தரையில் உட்கார்ந்தேன்.

குளவி வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். எந்த மண்ணில் கட்டினால் ஆண், எந்த மண்ணில் கட்டினால் பெண் என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. கூட்டை உடைக்கக் கூடாது. சுவரில், ஜன்னல் கட்டையில், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தால்கூட அப்படியே விட்டுவிட்டுத்தான் வெள்ளையடிப்பார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் இந்த மனுஷனுக்கா? எஸ்டேட்டில் யாராவது சகுனம் பார்த்தால் கேலி பண்ணுகிறவர். ராகுகாலத்தில் வேண்டுமென்றே கிளம்புகிறவர். “எங்களுக்கு அது போதுமுங்க” என்று ஊருக்கெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னவர்.

“எப்ப பாத்தீங்க?”

“சாமானுக்குக் காத்துக்கிட்டு இருந்தமல்ல, அப்ப. மண்ணு எடுத்துட்டு உள்ள போறதும் வாரதுமா இருந்துச்சு. வெயில் ஏறுனா மண்ணு காஞ்சுருதுன்னு நாந்தான் தண்ணி வெச்சேன்.” பிறகு, கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அது சும்மா தொங்கற வெத்துக் குழாய்னு நெனச்சுட்டேன். இதனாலதான் ஒழுகுதுன்னு சத்தியமா தெரியாது. நீ ஸ்டார்ட் பண்றப்பெல்லாம் வேண்டாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு.”

“சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீ சிரிப்பே. இல்லாட்டி அழுவே. ரெண்டையும் என்னால பாக்க முடியாது.”

கத்தியிருக்க வேண்டும். காலையில் நாங்கள் இரண்டு பேரும் எரிந்திருப்போம், இந்த மண்ணுருண்டைக்காக. அதைச் சொல்லிக் கத்துவதற்கு எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. சத்தம் வரவில்லை. ஆயிலையும் கேஸ்கட்டையும் நான் துரத்திக்கொண்டிருந்த அத்தனை நாளும், என் காலடியில், நான் துடைக்காத ஒரே இடத்தில், இவர் இதை வைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் போதும் என்றது என் வயிற்றைப் பார்த்துச் சொன்னது. அவருக்குப் போதும் என்று அவர் சொல்லவே இல்லை. இத்தனை வருஷமும் நான் அவர்மேல் வைத்திருந்த கோபத்துக்கு ஆதாரமே இல்லை என்பது என்னை அறைந்ததுபோல் இருந்தது.

“எனக்கு வயசாயிருச்சுங்க” என்றேன்.

“எனக்குந் தெரியுது புள்ள” என்றார். “தெரிஞ்சு என்ன பண்றது. அது பாட்டுக்கு வந்து கட்டுச்சு.”

குக்கர் தீய்ந்த வாடை ஷெட் வரை வந்தது. அவர் அடுப்பை அணைக்கப் போனார். நான் மறுபடி காருக்கடியில் படுத்தேன். குழாயைப் பிடித்திருந்த ஒரு போல்ட்டையும் கிளிப்பையும் கழற்றி, மண் உதிராமல், குழாயோடு வெளியே எடுத்தேன். அவ்வளவு சூட்டிலும் ஆயில் புகையிலும் அதற்குள் எதுவும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். பழைய துண்டு ஒன்றில் சுற்றி ஷெட்டின் ஜன்னல் கட்டையில் வைத்தேன். குழாய் இருந்த இடத்தில், கடையிலிருந்து அதே அளவுக்கு ஒரு ரப்பர் ஹோஸ் எடுத்து வந்து மாட்டி, வாயில் சின்னக் கம்பி வலை கட்டினேன். எஞ்சினை ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் பட்டது.

காலையில் செய்தித்தாள் சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு இல்லை. எத்தனை நாள் அந்தக் காகிதத்துக்காகத் தவம் கிடந்திருக்கிறேன். அதை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, குரங்குகளுக்கு ஹாரன் அடித்து, அடிவாரத்து வெயிலில் முகம் எரிய, சேலம் போய்ச் சேர்ந்தோம். வழியில் எங்கும் புகை இல்லை. மண்டபத்து வாசலில் வண்டி நின்றதும், நான் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. மேளக்காரர் உட்பட எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பெரியம்மாக்கள் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். மொட்டையடித்து, புதுப்பாவாடை கட்டி, மாலையோடு இருந்த குழந்தை என் மடியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

தங்கை சிரித்துக்கொண்டே வந்தாள். “ஏக்கா, இம்புட்டுப் பாடுபட்டு, ரெண்டே பேருக்குத்தான் எடமா இதுல?”

எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் பதில் எல்லாருக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்தார். பிறகு குழந்தையின் சந்தனம் பூசிய தலையைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. எல்லாரும் காரைப் பற்றி மட்டும் பேசட்டும் என்றுதான் அதை அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருந்தேன்.

“ஆமாண்டி, ரெண்டே பேருக்குத்தான்” என்றது என் குரல்தான். “எங்களுக்குப் பத்தல.”

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தங்கை அப்படியே நின்றாள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, துடைக்க ஒன்றுமே இல்லாத பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.